வெறுஞ்சுத்து

உக்காருங்க, உக்காருங்க. இக்கட்டால எடம் இருக்குது பாருங்க. ஏனுங்க அக்கா, அந்த டம்ளர உருட்டாம சித்த கையில புடிங்க. பின்னால ஆரு அது குசுகுசுன்னு? நீங்க பேசி முடிச்சப்பறம் நான் வரட்டுங்களா? ஆங், அப்படி. வாய மூடுனா எல்லாரும் எத்தன அழகா இருக்கீங்க, உங்களுக்கே தெரியல.

குரு சிஷ்யன் கதைதான். ஆனா குருன்னதும் தாடி எங்கே, கமண்டலம் எங்கேன்னு தேடாதீங்க. இந்தக் கதையில தாடி சிஷ்யனுக்குத்தான். அதுவும் பாதி நரைச்ச தாடி. குருவுக்கு முப்பது வயசு. கொண்டையில ரப்பர் பேண்டு, பாக்கெட்டுல டெஸ்டர். ஆசிரமம்னு பாத்தா, கோயமுத்தூர் கணபதிப் பக்கம் தகரம் போட்ட ஒரு பட்டறை.

சிஷ்யன் பேரு நாச்சிமுத்து. சிஎன்சி மில்லிங் மெசின், அதான் கம்ப்யூட்டரு சொன்னபடி இரும்பச் செதுக்கற மெசினு, அத ஓட்டறவரு. கைவேல சுத்தம், வாய்வேல அதைவிடச் சுத்தம். ஒருத்தரு ஒரு தடவ பேசிட்டாப் போதும், அடுத்த நிமிசம் அவரு நாச்சிமுத்து தொண்டைக்குள்ள குடியிருப்பாரு. முதலாளி மாதிரி போன்ல பேசுனா முதலாளி சம்சாரமே, "மத்தியானம் சாப்பிட வாரீங்களா?"ன்னு கேப்பாங்க. காந்திபுரம் பஸ் கண்டக்டரு, டீக்கடைக்காரரு, மெசினு மக்கர் பண்ணறப்ப கத்துற "கீய்ங்... கீய்ங்..." அலாரம், ஒண்ணையும் விட்டு வெக்கறதில்ல.

பட்டறையில எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிப்பாங்க.

ஒருத்தரைத் தவிர. அவரு ஆறுச்சாமி. சாமான் ஏத்தறது, எறக்கறது, கட்டையப் புடிச்சு மாட்டறது அவரு வேல. பேசறப்ப வார்த்த கொஞ்சம் தட்டும். மொத எழுத்து தொண்டையில நின்னுக்கும், அப்பறம் வரும். வந்தா நல்லாத்தான் வரும். வேலைக்குச் சேந்த புதுசுல மனுசன் இரும்புக் கம்பிய அறுத்துக்கிட்டே பாடுவாராம். பாட்டுல ஒரு எழுத்தும் தட்டாதாம்.

நாச்சிமுத்துவுக்கு இது போதாதுங்களா? அல்வா கெடச்ச மாதிரிதான்.

"வ... வ... வணக்கமுங் ஆறுச்சாமி!" இது காலையில.

"சோ... சோ... சோத்துக்கு நேரமாச்சுங்!" இது மத்தியானம்.

பொழுதோட டீக்கடையில ஒரு வடைய வாங்கி ஆறுச்சாமி கையில திணிப்பாரு. "மனசுல வெச்சுக்காதறா. சும்மா வெளையாட்டுக்கு." தோளத் தட்டுவாரு. ஆறுச்சாமி வடையத் திம்பாரு. தலைய ஆட்டுவாரு. முடிஞ்சுது. மறுநா காலையில, "வ... வ..."

ஆறுச்சாமி பாடறத எப்ப நிறுத்துனாருன்னு ஒருத்தருக்கும் ஞாபகமில்ல. பேசறத எப்பக் கொறச்சாருன்னும் தெரியாது. இப்பெல்லாம் கையாட்டறதோட சரி.

இப்ப மெசினுக்கு வாங்க. பழைய மெசினு. அது பட்டறைக்கு வந்தப்ப நாச்சிமுத்து தாடி பூராக் கறுப்பு. இடம் வலம் போகும், முன்ன பின்ன போகும், மேல கீழ போகும். அவ்வளவுதான். கட்டையச் சுத்தி வளைச்சு, திருகு மாதிரிப் பள்ளம் போடணும்னா அதுக்குத் தெரியாது. அதுக்கு நாலாவதா ஒரு அச்சு வேணும். சுத்தற தட்டு ஒண்ண மெசினு மேல பூட்டி, மோட்டாரு குடுத்து, அதோட மூளைக்குள்ள "ஏப்பா, உனக்கு இன்னிக்கிருந்து இன்னொரு கை மொளச்சிருக்குது"ன்னு சொல்லிக் குடுக்கணும்.

அதச் சொல்லிக் குடுக்க வந்தவங்கதான் குரு. கோகிலவாணி. பழைய மெசினுகளுக்குப் புதுசு சேத்துக் குடுக்கறதே அவங்க பொழப்பு. பேச்சு ரொம்பக் கம்மி. கேட்டதுக்குப் பதிலு, அதுவும் ஒரு வரி.

மொத நா அவங்கள ஏற எறங்கப் பாத்துட்டு நாச்சிமுத்து கேட்டாரு.

"ஏனுங் அம்மிணி, சார் வரலீங்களா?"

"நாந்தான் சார்."

அன்னிக்கிருந்து நாச்சிமுத்து அவங்கள "டீச்சரு"ன்னுதான் கூப்புட்டாரு. மொதல்ல லொள்ளுக்கு. தட்ட ஏத்தி, காந்தக் கட்டையில அளவு பாக்கற டயல் வெச்சு, முள்ளு ஒரு முடி அளவுகூட ஆடாத வரைக்கும் அந்தப் பொண்ணு போல்ட்ட லூசு பண்ணி டைட் பண்ணி, லூசு பண்ணி டைட் பண்ணி நின்னதப் பாத்ததுக்கப்பறம், நெசமாவே.

எதுக்கு இத்தன பாடுன்னு கேக்கறீங்களா? மில்லுல நூல்கண்டு சுத்தற மெசினுக்கு ஒரு பித்தள உருள. அதச் சுத்தித் திருகுப் பள்ளம். கொண்டாந்தது ஒரே ஒரு வார்ப்பு. ரெண்டாவது கெடையாது. அத ஊத்துன வார்ப்பு அச்சு ஒடைஞ்சு போச்சு. உருள வந்தாத்தான் அங்க மில்லுல மெசினு நகரும்.

முதலாளி ரெண்டே வார்த்த சொல்லிட்டுத் திருப்பூர் போயிட்டாரு.

"இது நல்லா வந்தா, இந்த மெசினு நம்முளுது. நாச்சிமுத்து கையில. வரலீன்னா, கெடைக்கற வெலைக்குத் தள்ளி உட்ருவேன். நாச்சிமுத்து, நீ ட்ரில்லுக்குப் போயிரு."

ட்ரில்லிங் மெசினு. கைப்புடிய எறக்கு, ஓட்டையப் போடு, கைப்புடிய ஏத்து. பட்டறையில புதுசா வாரவங்க நிக்கற எடம் அது. நாச்சிமுத்து அன்னிக்கு ராத்திரி சோறு எறங்காமத் தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்தாரு.

அந்த மெசினுக்கு ஒரு சாவி இருக்குது. சின்னச் சாவி, பீரோ சாவி மாதிரி. அதத் திருப்புனாத்தான் புரோகிராமுக்குள்ள கை வெக்க முடியும். அது கோகிலவாணி கழுத்துக் கயித்துல தொங்குச்சு.

"டீச்சர், சாவிய எப்பக் குடுப்பீங்க?"

"தாறேனுங்ணா."

"எப்ப?"

"உங்ககிட்ட இருந்தாத் தப்பில்லைன்னு தோணறப்ப."

இதக் கேட்டுட்டு நாச்சிமுத்து சும்மா இருந்துட்டாரு. நாச்சிமுத்து சும்மா இருந்தாருன்னா விசயம் பெருசுன்னு நீங்களே புரிஞ்சுக்கோங்க.

முதல்ல ஒரு மரக்கட்டைய மாட்டி ஓட்டிப் பாத்தாங்க. கட்டையப் புடிச்சு இறுக்கறது எண்ண அழுத்தம். அந்த எண்ண, ஒரு ரப்பர் ஓஸ் வழியா, சுத்தற தட்டுக்கே போகுது. மொத நா ஓஸ மாட்டறப்பவே கோகிலவாணி சொன்னாங்க, "இது பத்திரம். ஒரு தடவ வெட்டற நடைக்குத்தான் தாராளமா நீளம் இருக்குது." சொன்னாங்க. ஆனா அந்த நேரத்துல நாச்சிமுத்து, டீச்சரு ஒதட்டக் குவிச்சுக்கிட்டு ஸ்பேனர் திருப்பறது எப்படின்னு பக்கத்துல லேத்து மெசினு ஓட்டற ரெண்டு பேருக்குச் செஞ்சு காட்டிக்கிட்டிருந்தாரு. லேத்துக்காரங்க கெக்கெக்கென்னு சிரிச்சாங்க. சொன்னது சிரிப்புல போச்சு.

மரக்கட்டையில வெட்டற கட்டரு எறங்குச்சு. தட்டு சுத்துச்சு. விஇஇஇன்னு பள்ளம் விழுந்துது. ஒரு நட முடிஞ்சு கட்டரு மேல ஏறுச்சு. அப்பறம் தட்டு, வெட்டாம கொள்ளாம, வந்த வழியே அத்தன சுத்தும் திரும்பப் பின்னால சுத்துச்சு. மெதுவா. அப்பறம் அடுத்த நட.

நாச்சிமுத்துவுக்கு ஒடம்பெல்லாம் அரிச்சுது. மெசினு ஓட்டறவங்களக் கேட்டுப் பாருங்க. கட்டரு காத்துல நின்னா அவங்களுக்குச் சோத்துல கல்லு கடிச்ச மாதிரி. ஒரு புரோகிராம் கையில வந்தா மொத வேல, எங்கெங்க வெறும் ஓட்டம் இருக்குதோ அதப் புடுங்கறதுதான். அதுலதான் பேரு.

"டீச்சர், இந்த வெறுஞ்சுத்து எதுக்கு?"

"வந்த வழியே போகணுமில்லீங்ணா."

"ஸ்கிரீனப் பாருங்க. முழுச் சுத்து முடிஞ்சா ஜீரோன்னு காட்டுது. கெளம்பற எடமும் ஜீரோ. ஜீரோவுல இருந்து ஜீரோவுக்குப் போக எதுக்குங் பின்னால சுத்தோணும்?"

கோகிலவாணி அவர ஒரு பார்வ பாத்தாங்க.

"நாளைக்கு நீங்களே ஓட்டுங்க. புரோகிராம்ல ஒரு வரியக்கூட மாத்தாதீங்க."

அதான் பதிலு.

மறுநா காலையில பித்தள உருளைய மாட்டுனாங்க. ஆறுச்சாமி ரெண்டு கையிலயும் ஏந்திக் கொண்டாந்து வெச்சாரு. கோகிலவாணி சாவியத் திருப்பி, கட்டரு நீளத்த ஸ்கிரீன்ல போடச் சொல்லி நாச்சிமுத்துவ நிக்க வெச்சாங்க. போட்டாச்சு. அந்த நேரம் பாத்து மெசினுக்குப் பின்னால கரண்டுப் பொட்டியில ஒரு காத்தாடி நின்னுபோச்சு. டீச்சரு அதப் பாக்கப் பின்னால போனாங்க. சாவி பூட்டுலயே இருந்துது.

நாச்சிமுத்து சாவியப் பாத்தாரு. ஸ்கிரீனப் பாத்தாரு. அந்த வரி, வெறுஞ்சுத்து வரி, அவரப் பாத்துப் பல்லிளிச்சுது.

'டீச்சரு புத்திசாலி. ஆனா மெசினோட குடும்பம் நடத்துனது நாந்தானே?'

வெரல் ஒரு அமுக்கு. வரி போயிருச்சு.

பச்ச பட்டன்.

மொத நட பிரமாதம். பித்தள சீவல் தங்கமாட்டம் சுருண்டு சுருண்டு விழுந்துது. கட்டரு மேல ஏறுச்சு. வெறுஞ்சுத்து இல்ல. நேரா அடுத்த நட. நாச்சிமுத்து தாடியத் தடவிக்கிட்டாரு. ஸ்கிரீன்ல ஜீரோ. அதுக்கடுத்த நட. ஜீரோ.

அவரு நின்ன எடத்துல இருந்து உருளையோட முன்பக்கந்தான் தெரியும். தட்டுக்குப் பின்னால இருக்கற ஓஸு தெரியாது. அது தெரியறது மெசினோட பக்கவாட்டுக் கண்ணாடிச் சன்னல் வழியா. அங்க எண்ணக் கேனோட நின்னது ஆறுச்சாமி.

ஆறுச்சாமி பாத்தாரு. மரக்கட்டைய ஓட்டுனப்பத் தொங்கிக்கிட்டிருந்த ஓஸு, இன்னிக்குத் தட்டோட கழுத்துல சுத்தியிருக்குது. ஒரு சுத்து. அதுக்கு மேல ஒரு சுத்து. அதுக்கு மேலயும். தொங்கலே இல்ல. வில்லு நாணாட்டம் இழுத்துக்கிட்டு நிக்குது. அது புடுங்குனா எண்ண அழுத்தம் போயிரும். அழுத்தம் போனா உருள புடிவிட்டுரும். ஓடற கட்டரு அந்தப் பித்தளக் கட்டையத் தூக்கி எங்க எறியும்னு ஆருக்கும் தெரியாது. முன்னால நிக்கறது நாச்சிமுத்து.

ஆறுச்சாமி கையத் தூக்குனாரு. வாயத் தொறந்தாரு.

"ஓ... ஓ... ஓ..."

நாச்சிமுத்து திரும்பிப் பாத்தாரு. நல்ல குசி அவருக்கு. கையத் தானும் தூக்குனாரு. கண்ணத் தானும் உருட்டுனாரு.

"ஓ... ஓ... ஓ... என்றா ஆறு, ஆத்தா வந்து எறங்கிட்டாளா? வேப்பல கொண்டாரச் சொல்லட்டா?"

லேத்துக்காரங்க சிரிச்சாங்க.

ஆறுச்சாமி வாய மூடிட்டாரு. கை பாதியில நின்னுது. அப்பறம் அதுவும் எறங்கிருச்சு.

தட்டு சுத்துச்சு. ஓஸு "கிர்ர்ர்"னு ஒரு சத்தம் போட்டுது. அது நாச்சிமுத்து தொண்டையில இல்ல, நெசமாவே. அவருக்குத் தெரியாத சத்தம் அது. இத்தன வருசத்துல இந்த மெசினு அப்படிக் கத்துனதேயில்ல. சிரிச்ச வாயி அப்படியே நிக்குது. வெரலு செவப்பு பட்டனத் தேடுது. கெடைக்கல. அது எங்க இருக்குதுன்னே மறந்துபோச்சு.

பின்னால இருந்து ஒரு கை வந்து பட்டன அடிச்சுது.

டக்.

எல்லாம் நின்னுது. எண்ண மட்டும் சொட்டு... சொட்டுன்னு எங்கயோ விழுந்துது.

கோகிலவாணி மூச்சு வாங்கிட்டு நின்னாங்க. அவங்க ஓஸப் பாக்கல. கரண்டுப் பொட்டிக்கிட்ட இருந்து பாத்தா ஓஸு தெரியாது. ஆறுச்சாமி மூஞ்சி தெரியும்.

கதவத் தொறந்தாங்க. தட்டோட கழுத்துல ஓஸு பாம்பாட்டம் சுத்திக்கெடக்குது. முனை பிஞ்சு, நூலு நூலாத் தெரியுது. டயல எடுத்து உருள மேல வெச்சாங்க. நாச்சிமுத்து எட்டிப் பாக்கறாரு. மூக்குக்கண்ணாடியத் தொடைக்கறாரு, மறுபடியும் பாக்கறாரு. தாடிக்குள்ள வேர்வ எறங்குது.

முள்ளு நவுரல.

உருள தப்பிச்சுது. பள்ளமும் தப்பிச்சுது.

நாச்சிமுத்துவுக்கு உசுரு வந்துது. உசுரு வந்ததும் கோவமும் சேந்து வந்துது. அது அப்படித்தான் வரும்.

"டேய் ஆறு! பாத்துக்கிட்டுத்தானே நின்னே? வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன கேடு? நான் செத்திருந்தா?"

ஆறுச்சாமி எண்ணக் கேனக் கீழ வெச்சாரு. 

"பாருங்க டீச்சர், இப்பவும் பொம்மையாட்டம் நிக்கறான்! நானு ஸ்கிரீனப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஜீரோ. சுத்தமா ஜீரோ. ஜீரோவுல நிக்கற மெசினு எப்படிங் இப்படிப் பண்ணும்? ஓரத்துக்குப் போனா நிக்கோணுமில்ல?"

"பழைய மூணு அச்சும் நிக்கும். அதுகளுக்கு ஓரத்துல சுவிட்ச் இருக்குது. இதுக்கு ஓரமே இல்லீங்ணா."

"அப்ப இது போதும்னு ஆரு சொல்றது?"

கோகிலவாணி உள்ள குனிஞ்சாங்க. ஓஸக் கழட்டுனாங்க. உருளைய ஆறுச்சாமியோட சேந்து எறக்கித் துணி மேல வெச்சாங்க. அப்பறம் பார்சல் கட்டற சணல்ல ஒரு நீளம் வெட்டி, ஒரு முனையத் தட்டுல கட்டுனாங்க.

"அண்ணா, கண்ணாடியக் குடுங்க."

"கண்ணாடியா? அது இல்லீன்னா எனக்கு என்ற கையே தெரியாதுங்."

"குடுங்க."

குடுத்தாரு. சணலோட அடுத்த முனையக் கண்ணாடிக் காம்புல கட்டி, மெசினுக்கு முன்னால ஒரு முக்காலியப் போட்டு, அதோட அந்தக் கடைசி ஓரத்துல கண்ணாடிய வெச்சாங்க. மெசினுப் பக்கம் இருக்கற இந்த ஓரத்துக்குக் கீழ சிமெண்டுத் தரை. கையில சுத்தற சின்னச் சக்கரத்த எடுத்துக்கிட்டாங்க. அதத் திருப்புனா தட்டு திரும்பும்.

"இன்னிக்குக் காலையில ஆறுச்சாமியண்ணன் வந்தப்ப எப்படிப் பேசுனீங்க? பேசிக் காட்டுங்க."

நாச்சிமுத்துவுக்கு நிம்மதி. 'பரவால்ல, டீச்சரு கோவத்துல இல்ல. தமாசுக்கு வந்துட்டாங்க.' தொண்டையச் செருமுனாரு.

"வ... வ... வணக்கமுங் ஆறுச்சாமி!"

அச்சு அசலு. லேத்துக்காரங்க சிரிச்சாங்க. கோகிலவாணி தட்ட ஒரு முழுச்சுத்து சுத்துனாங்க. சணலு தட்டுல ஏறுச்சு. கண்ணாடி முக்காலி மேல 'சர்ர்ர்'னு நவுந்துது.

"அப்பறம் என்ன பண்ணுனீங்க?"

"அப்பறமென்ன, டீ வாங்கிக் குடுத்தேன். மனசுல வெச்சுக்காதறான்னேன். அவனுஞ் சரின்னு தலையாட்டுனான்."

"ஸ்கிரீன்ல என்ன இருக்குது?"

கண்ணச் சுருக்கிக்கிட்டுக் கிட்டப் போயிப் பாத்தாரு.

"ஜீரோ."

"சரி. நேத்து?"

"நேத்து... சோ... சோ... சோத்துக்கு..."

இந்தத் தடவ ஒரு லேத்துக்காரருதான் சிரிச்சாரு. அடுத்தவரு சணலப் பாத்துக்கிட்டிருந்தாரு. தட்டு சுத்துச்சு. கண்ணாடி நடு முக்காலிக்கு வந்துது.

"அப்பறம்?"

"வட."

"ஸ்கிரீன்ல?"

"ஜீரோங்."

"சித்த முன்னாடி, கையத் தூக்கி ஓ ஓன்னாரே. அதையும் செஞ்சு காட்டுங்க."

நாச்சிமுத்து கையத் தூக்குனாரு. "ஓ..." அதுக்கு மேல வரல.  கோகிலவாணி தட்டச் சுத்துனாங்க. கண்ணாடி நவுந்துது. இப்ப முக்காலியோட இந்த ஓரம் கிட்ட.

ஒருத்தரும் சிரிக்கல. மேல தகரத்துல காக்கா நடக்கற சத்தம் கேட்டுது.

"அண்ணா, போன ஆயுத பூசைக்கு?"

இதத்தான் கேக்காம இருந்திருக்கலாம். போன ஆயுத பூசைக்குப் பட்டறை பூரா வாழமரம், பொரி, சந்தனம். எல்லாரும் குடும்பத்தோட வந்திருந்தாங்க. ஆறுச்சாமி புள்ள புதுப் பாவாட கட்டிட்டு அப்பன் கையப் புடிச்சுக்கிட்டு வந்துது. நாச்சிமுத்து முதலாளிக்கு முன்னால, மைக்குல, ஆறுச்சாமி குரல்ல வரவேற்புரை வாசிச்சாரு. கொட்டாயே இடிஞ்சு விழற மாதிரி சிரிப்பு. அந்தப் புள்ளயும் எல்லாரையும் பாத்துச் சிரிச்சுது. அப்பறம் அப்பன நிமிந்து பாத்துச்சு. அப்பறம் சிரிக்கல.

டீச்சருக்கு இத ஆரு சொன்னாங்களோ. லேத்துக்காரங்களாத்தான் இருக்கோணும், சிரிச்சுக்கிட்டேதான் சொல்லியிருப்பாங்க.

"பேசிக் காட்டுங்கண்ணா."

நாச்சிமுத்து வாயத் தொறந்தாரு. மொத எழுத்து தொண்டையில நின்னுக்கிச்சு. நெசமாவே நின்னுக்கிச்சு. இத்தன நாளு வேணும்னு நிறுத்துன எழுத்து, இப்ப தானா நிக்குது. எல்லாரும் அவரு வாயவே பாக்கறாங்க. அது எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் அவருக்குத் தெரியும். காதெல்லாம் சூடு.

"வேண்டாங் டீச்சர்."

கோகிலவாணி சுத்துனாங்க. சணலு விண்ணுன்னு இழுத்துது. கண்ணாடி ஓரத்தத் தாண்டிச் சாஞ்சுது.

நாச்சிமுத்துவுக்கு ஒண்ணும் சரியாத் தெரியல. எல்லாம் கலங்கலு. கண்ணாடி ஒடையற சத்தத்துக்குப் பல்லக் கடிச்சுக்கிட்டுக் காத்து நின்னாரு.

சத்தம் வரல.

ஒரு கை அத ஏந்தியிருந்துது. எண்ணப் பிசுக்கு புடிச்ச, பெரிய கை. ஆறுச்சாமி கை.

கோகிலவாணி சக்கரத்தக் கீழ வெச்சாங்க. பூட்டுல இருந்த சாவிய உருவுனாங்க. நாச்சிமுத்து தன்னால கைய நீட்டுனாரு. சாவி அவரத் தாண்டிப் போயி ஆறுச்சாமி சட்டப் பாக்கெட்டுல விழுந்துது.

"டீச்சர்..." நாச்சிமுத்து நீட்டுன கைய மடக்குனாரு. "அப்ப நான் ட்ரில்லுக்குப் போகட்டுங்களா?"

"மெசின நீங்கதான் ஓட்டறீங்க. புது ஓஸு மாட்டித் தாறேன். அந்த வரியத் திரும்பப் போட்டா, பொழுதோட உருள முடிஞ்சிரும்."

"சாவி?"

"அவருகிட்டக் கேளுங்க. அவரு பதிலு சொல்லி முடிக்கற வரைக்கும் நில்லுங்க."

சொல்லிட்டு ஸ்பேனர எடுத்துக்கிட்டு, ஒதட்டக் குவிச்சுக்கிட்டு, ஓஸ மாட்ட உள்ள குனிஞ்சுட்டாங்க. இந்தத் தடவ அதப் பாத்து ஆரும் ஒண்ணும் செஞ்சு காட்டல.

நாச்சிமுத்து ஆறுச்சாமிகிட்டப் போனாரு. நாலே எட்டு வெக்கற தூரம். போயிச் சேரவே நேரமாச்சு. வழக்கம்போலத் தோளத் தட்டக் கை போச்சு. பாதியில நின்னுது. தாடியச் சொறிஞ்சுக்கிட்டாரு.

"ஆறு..."

ஆறுச்சாமி நிமிந்தாரு.

"சாவியக் குடுறா. பழசெல்லாம் மனசுல வெச்சுக்காத. இன்னியோட எல்லாம் ஜீரோ. என்ன?"

ஆறுச்சாமி கையில இருந்த கண்ணாடியப் பாத்தாரு. அதுல இருந்து தட்டு வரைக்கும் போற சணலப் பாத்தாரு. தட்டச் சுத்தி இறுகிக்கெடந்த சுத்துகள, ஒண்ணு மேல ஒண்ணா, பாத்தாரு.

வாயத் தொறந்தாரு. எழுத்து நின்னுக்கிச்சு.

நாச்சிமுத்து ஒதடு ஒரு துடி துடிச்சுது. பல்லால கடிச்சு அத நிறுத்துனாரு. நின்னாரு. லேத்துக்காரங்க நின்னாங்க. உள்ள ஸ்பேனர் சத்தமும் நின்னுது.

"மொ... மொ... மொதல்ல ரிவர்ஸுல சுத்துங்ணா."